பேரேடும் கணினியும்

லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின் உற்பத்தி இயந்திரங்கள் நான்கு. ஒன்றைப் பழுதுபார்க்க நிறுத்தினால் ஏனையவை சுழலும். உற்பத்தி முழுவதும் நிற்பதில்லை. அரசாங்கக் கணக்குகளைப் புதிய கணினிக்கு மாற்றும் பணிக்கும் இம்முறையே உகந்தது.

இதனைப் புறக்கணித்தால் விளைவது யாது? கோபோல் என்பது 1959 இல் உருவான கணினி மொழி. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றினால் வேலையிழந்தோர் உதவித்தொகை கோரித் திரண்டபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கவர்னர், கோபோல் அறிந்தோர் உதவ முன்வருமாறு பகிரங்கமாக வேண்டினார். இயந்திரம் முதுமையுற்றதனினும், அதனை அறிந்தோர் அருகியதே பெருந்துன்பமாயிற்று.

நம் நாட்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ரூ. 2,516 கோடியில் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை இசைந்தது. சங்கங்கள் யாவும் ஒரே பொது மென்பொருளில் கணக்கெழுதுவதும், மத்தியக் கூட்டுறவு வங்கிகளோடு இணைவதும் இதன் நோக்கம். திட்டத்தை நடத்துவது நபார்டு வங்கி.

கணினி பிழையின்றிக் கூட்டும். பேரேட்டிலுள்ள பிழையை அது அறியாது. தவறான நிலுவை ஒன்று தொடக்க இருப்பாக ஏறிவிட்டால், அத்தவற்றுக்கும் வட்டி வளரும். ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாஸ் புத்தகத்துடன் சங்கத்திற்கு வந்து, பங்குத்தொகை, வைப்புத்தொகை, பயிர்க்கடன், நகைக்கடன் ஆகியவற்றை ஒப்புநோக்குதல் வேண்டும். சில மாதங்களேனும் இரு கணக்குகளும் உடன் நடைபெறுதல் நலம். தணிக்கை முடியுமுன் பழைய பேரேடுகள் அறையை விட்டு அகலலாகாது.

நெசவாளர் சங்கங்களின் நூல் இருப்புக்கும் கூலிக் கணக்கிற்கும் இது பொருந்தும். கணினியை அரசாங்கம் வழங்கலாம். கணக்கைச் சரிபார்க்கும் விழிப்பு அங்கத்தினருடையது.