கர்ப்பிணியை டி.வி-யில் காட்டலாமா? அமெரிக்காவையே உட்காரவைத்த லூசில் பால்!

1953-ம் ஆண்டு, ஜனவரி 19. திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் புதிய ஜனாதிபதி ஐசனோவர் பதவியேற்றதை டி.வி-யில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான். ஜனாதிபதியையே பின்னுக்குத் தள்ளியது ஒரு பிரசவம்!

'ஐ லவ் லூசி' என்ற காமெடி சீரியலில், லூசி ரிக்கார்டோவுக்கு ஆண் குழந்தை பிறக்கும் எபிசோடு அது. லூசியாக நடித்த லூசில் பாலுக்கு, அதே நாள் காலையில்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் சிசேரியன் மூலம் நிஜமாகவே குழந்தை பிறந்திருந்தது. அதுவும் ஆண் குழந்தை. எபிசோடை இரண்டு மாதங்களுக்கு முன்பே ஷூட் செய்து வைத்திருந்தார்கள். கதையில் ஆண் குழந்தை என்று எழுதியதும் அப்போதே முடிவானது. சிசேரியன் தேதியை முன்கூட்டியே குறிக்கலாம், ஆணா பெண்ணா என்பதை அந்தக் காலத்தில் யார் சொல்ல முடியும்?

அந்த இரவு வரை வந்து சேர லூசிக்கு 41 வயது ஆகியிருந்தது. ஹாலிவுட்டில் ஒரு நடிகையை 'இனி அவ்வளவுதான்' என்று ஓரங்கட்டும் வயது.

கூச்ச சுபாவம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்

நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில் 1911 ஆகஸ்ட் 6-ல் பிறந்தவர் லூசில். அப்பா டெலிபோன் லைன்மேன். லூசிக்கு மூன்று வயது இருக்கும்போது டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அம்மா வயிற்றில் தம்பி. அதன் பிறகு செலரான் என்ற பக்கத்து ஊரில், அம்மாவழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார். நாடகக் கொட்டகைகளுக்குப் பேத்தியை அழைத்துப்போய்ப் பழக்கியது அந்தத் தாத்தாதான். இந்தத் தாத்தாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

15 வயதில் நியூயார்க் நகரத்தில் ஒரு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். பிற்பாடு பெரிய நட்சத்திரமான பெட்டி டேவிஸ் அங்கே சக மாணவி. லூசிக்கோ வாயே திறக்கவில்லை. இவ்வளவு கூச்சம் உள்ள பெண்ணுக்கு நடிப்பு வராது என்று பள்ளி நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. திரும்பவும் நியூயார்க் வந்து மாடலாக வேலை பார்த்தபோது நோய் வந்து படுத்துவிட்டார். எழுந்து நடமாடுவதற்கே நீண்ட காலம் பிடித்தது. 1933-ல், 'ரோமன் ஸ்கேண்டல்ஸ்' படத்தில் கும்பலில் ஒருத்தியாக நடிக்க ஹாலிவுட் போனார்.

அடுத்த பதினைந்து வருடங்களை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நிறைய படங்கள், ஒன்றிலும் உச்சம் இல்லை. சிறு பட்ஜெட் படங்களின் ராணி என்று பட்டம் மட்டும் கிடைத்தது. பிறவியில் பழுப்பு நிறக் கூந்தல். எம்.ஜி.எம் ஸ்டூடியோவில்தான் அது செக்கச்செவேல் என்று மாறியது. பிற்பாடு அதுவே அவர் அடையாளம். ஆனால் அவரைப் புகழ் உச்சிக்குக் கொண்டுபோன சீரியல் கறுப்பு வெள்ளை என்பதால், ரசிகர்கள் அந்தச் சிவப்பை அதில் பார்க்கவே இல்லை!

'அந்தக் கணவர் வேண்டாம்' என்ற சேனல்

1940-ல் ஒரு படத்தின் ஷூட்டிங்கில் சந்தித்தவர் டெசி அர்னாஸ். கியூபாவில் இருந்து அகதியாக வந்த பாடகர், லூசியைவிட ஆறு வயது இளையவர். அவர் அப்பா சாண்டியாகோ நகரத்தின் மேயராக இருந்தவர். 1933 புரட்சியில் எல்லாம் போய், குடும்பம் மயாமிக்கு வந்தது. அதே 1940 நவம்பர் 30-ல் லூசிக்கும் டெசிக்கும் கல்யாணம்.

கல்யாணம் ஆனதே தவிர, சேர்ந்து வாழ நேரம் இல்லை. டெசி இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போவார், லூசி ஸ்டூடியோவில் இருப்பார். குடியும் பெண்கள் சகவாசமும் டெசியிடம் இருந்தன. 1944-லேயே லூசி ஒருமுறை விவாகரத்து மனு போட்டு, பிறகு மனம் மாறினார்.

1948-ல் சி.பி.எஸ் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பெண்ட்' என்ற நகைச்சுவைத் தொடர் லூசிக்குக் கிடைத்தது. எதிரே உட்கார்ந்து ஜனங்கள் சிரிக்கச் சிரிக்க, லூசியின் நடிப்பு வேறு மாதிரி ஆனது. சினிமா கேமராவின் முன் அடங்கிக் கிடந்த குறும்பு அங்கே வெளியே வந்தது. இதையே டி.வி-க்குக் கொண்டுபோகலாம் என்றது சி.பி.எஸ். லூசி ஒரே நிபந்தனை வைத்தார்: கணவர் வேடத்தில் டெசிதான் வேண்டும்.

ஸ்பானிஷ் வாடையோடு இங்கிலீஷ் பேசும் கியூபாக்காரரை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று சேனல் தயங்கியது. பத்து வருடமாக நிஜத்திலேயே கணவன் மனைவி அவர்கள்! வாதாடிப் பயனில்லை என்று இருவரும் 1950-ல் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்து ஊர் ஊராகப் போனார்கள். கூட்டம் கைதட்டியது. சேனல் இறங்கி வந்தது. லூசிக்கு இந்தத் தொடரில் முதலில் வேண்டியிருந்தது புகழ் அல்ல, கணவர் இரவு வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான்.

சம்பளத்தைக் குறைத்து வாங்கிய சொத்து

அப்போது அமெரிக்காவில் டி.வி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்து நேரடியாக ஒளிபரப்பானவை. மேற்குக் கரையில் இருந்து செய்தால், டி.வி திரையையே ஃபிலிமில் படம் பிடித்து மற்ற ஊர்களுக்கு அனுப்புவார்கள். படம் மங்கலாக, தண்ணீருக்குள் பார்ப்பது போல இருக்கும். அதனால் நியூயார்க்குக்கு வரச் சொன்னார்கள். முதல் குழந்தை லூசி பிறந்த வருடம் அது. (ஆமாம், மகளின் பெயரும் லூசிதான்!) வீட்டை விட்டு வர முடியாது என்றார்கள் தம்பதி.

அப்படியானால் சினிமா போல 35 எம்.எம் ஃபிலிமிலேயே எடுத்துவிடுவோம் என்றார் டெசி. மேடை நாடகம் போல சுமார் 300 பேர் நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், காட்சி நிற்காமல் ஓட வேண்டும், மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் சுழல வேண்டும். குளோஸ் அப்புக்கு ஒரு லைட், தூரக் காட்சிக்கு ஒரு லைட் என்று மாற்ற நேரம் கிடையாது. இந்தச் சிக்கலை அவிழ்க்க டெசி பிடித்த ஆள் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த மேதை. எல்லா கோணத்துக்கும் பொதுவாக, மேலிருந்து விளக்குகளைத் தொங்கவிட்டு வழி கண்டுபிடித்தார். பார்வையாளர்கள் முன்னால் எடுக்கப்படும் காமெடித் தொடர்களுக்குப் பல வருடங்கள் இதுதான் இலக்கணம்.

செலவு எகிறியது. சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றது சேனல். சரி, ஆனால் ஃபிலிம்கள் எங்கள் கம்பெனிக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார் டெசி. ஒரு தடவை ஒளிபரப்பான எபிசோடை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! டெசி, லூசி பெயர்களைச் சேர்த்து 'டெசிலூ' என்று அவர்கள் வைத்த கம்பெனிக்கு அஸ்திவாரமே அந்த ஒரு கையெழுத்துதான்.

1951 அக்டோபர் 15-ல் சீரியல் தொடங்கியது. கலை உலகில் நுழைய ஆசைப்பட்டுக் கணவரிடம் மாட்டிக்கொள்ளும் ஒரு சாதாரண இல்லத்தரசியின் கதை. சாக்லேட் ஃபேக்டரியில் கன்வேயர் பெல்ட் வேகமெடுக்க, பேக் செய்ய முடியாமல் சாக்லேட்டுகளை வாயிலும் தொப்பிக்குள்ளும் திணிக்கும் 1952-ம் ஆண்டு காட்சியை நீங்கள் எங்காவது வீடியோவாகப் பார்த்திருக்கலாம். அந்தப் பைத்தியக்காரத்தனம் திடீரென்று தோன்றியது அல்ல. கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளோடும் ஒத்திகை பார்த்து, கை பழகிய பிறகுதான் லூசி கேமரா முன் போவார்.

உச்சரிக்கக் கூடாத ஒரு வார்த்தை

1952-ல் லூசி மறுபடி கர்ப்பமானார். சீரியலை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று நினைத்தார்கள். கணவன் மனைவி தனித்தனிக் கட்டிலில் படுப்பதாகக் காட்டிய காலம் அது. வயிறு தெரியாமல் நாற்காலி மறைவில் நிற்கவைத்து எடுக்கலாமா என்றெல்லாம் யோசனைகள் வந்தன. வளைகாப்புக் காட்சிக்குத் தனி ப்ரோமோ வெட்டும் இந்தக் காலத்தில் இதை நம்புவதே கஷ்டம்.

டெசி நேராக ஸ்பான்சரான சிகரெட் கம்பெனியின் தலைவருக்கே கடிதம் எழுதினார். நம்பர் ஒன் இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள், கதையை எங்களிடம் விடாவிட்டால் இனி ரேட்டிங்குக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது சாரம். தலையிட வேண்டாம் என்று தலைவரிடமிருந்து உத்தரவு போனது.

இருந்தாலும் 'கர்ப்பம்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை யாரும் உச்சரிக்கக் கூடாது என்றது சேனல். 'குழந்தையை எதிர்பார்க்கிறார்' என்று சுற்றி வளைத்துச் சொன்னார்கள். எபிசோடின் தலைப்புக்கு ஃப்ரெஞ்சு வார்த்தையைப் போட்டுத் தப்பித்தார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி என மூவர் கதையைப் படித்து ஒப்புதல் தந்தார்கள். அவர்களுக்கு அதில் ஆட்சேபிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளப்பில் பாடிக்கொண்டிருக்கும் கணவருக்குத் தான் கர்ப்பம் என்று லூசி தெரியப்படுத்தும் காட்சியில், இருவருக்கும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பாட்டின் நடுவே டெசியின் குரல் தடுமாறும். அந்த அழுகையோடுதான் எபிசோடு ஒளிபரப்பானது. மொத்தத் தொடரிலும் சிரிப்பே இல்லாமல் மனதில் நிற்கும் நிமிடம் அது.

அதே 1953-ல்தான் தாத்தா திரும்ப வந்தார். சோஷலிச ஈடுபாடு கொண்ட அவரைத் திருப்திப்படுத்த, 1936-ல் லூசி கம்யூனிஸ்ட் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்தார். கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தாலே ஹாலிவுட்டில் வேலை போகும் நேரம் அது. செப்டம்பரில் விசாரணைக் குழு முன் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். செய்தி எப்படியோ வெளியே கசிந்தது. ஷூட்டிங் அன்று டெசி பார்வையாளர்கள் முன் நின்று, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் ஒரிஜினல் இல்லை என்றார். கூட்டம் எழுந்து கைதட்டியது. எத்தனையோ கலைஞர்களின் வாழ்க்கை அந்த விசாரணைகளில் அழிந்தது. லூசி தப்பியதற்கு அவர் நேர்மை மட்டும் காரணம் அல்ல, வாரம் தவறாமல் கோடிக்கணக்கான பேர் அவர் முகத்துக்காகக் காத்திருந்ததும் காரணம்.

முத்தக் காட்சி முடிந்ததும் கோர்ட்டுக்கு...

1957-ல் 'ஐ லவ் லூசி' 180 எபிசோடுகளோடு முடிந்தபோதும் ரேட்டிங்கில் முதலிடம்தான். அதே ஆண்டு டெசிலூ கம்பெனி ஆர்.கே.ஓ ஸ்டூடியோவை விலைக்கு வாங்கியது. மாதச் சம்பளத்துக்கு லூசி துண்டு வேடங்கள் செய்த அதே ஸ்டூடியோ!

வீட்டில் மட்டும் எதுவும் சரியாகவில்லை. நிர்வாகச் சுமை கூடக் கூட டெசியின் குடியும் கூடியது. 1960 மார்ச் 2-ம் தேதி இருவரும் கடைசியாகச் சேர்ந்து நடித்தார்கள். கதைப்படி கடைசியில் முத்தம் கொடுத்துச் சமாதானமாக வேண்டும். கொடுத்தார்கள். மறுநாள் லூசி விவாகரத்து மனு தாக்கல் செய்தார்.

1962-ல் டெசியின் பங்குகளையும் வாங்கி, டெசிலூவின் தலைவரானார். ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டூடியோவைத் தனியாக நடத்திய பெண் என்றால் அப்போது அவர்தான். 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' இரண்டுமே டெசிலூ தயாரிப்புகள், 1966-ல் வந்தவை. செலவு கட்டுப்படியாகாது என்று கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும் லூசி பச்சைக்கொடி காட்டினார். டாம் க்ரூஸ் கட்டடங்களில் தொங்கும் படங்களுக்கு மூலம் அந்த சீரியல்தான். 1967-ல் கம்பெனியைச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, பிள்ளைகள் இருவரையும் சேர்த்துக்கொண்டு 'ஹியர்ஸ் லூசி' தொடரில் நடித்தார்.

75 வயதில் 'லைஃப் வித் லூசி' என்று ஒரு தொடரை ஆரம்பித்தார். 8 எபிசோடுகள்தான் ஒளிபரப்பாயின, சேனல் நிறுத்திவிட்டது. அந்தத் தோல்வியின் நடுவே, 1986 டிசம்பர் 2-ல் டெசி புற்றுநோயில் இறந்தார். இருவரும் வேறு கல்யாணம் செய்திருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. கடைசியாக அவர்கள் போனில் பேசியது நவம்பர் 30-ல், அவர்களின் கல்யாண நாளில். டெசி இறந்த ஐந்தாம் நாள், கென்னடி சென்டர் கௌரவ விழாவில் லூசி உட்கார்ந்திருக்க, அவருக்காக டெசி எழுதிவைத்த கடிதத்தை ஒரு நண்பர் மேடையில் வாசித்தார். 'ஐ லவ் லூசி' என்பது எனக்கு ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை என்று அது முடிந்தது. மாடியில் இருந்த லூசி கண்ணீரை அடக்கப் போராடியதைக் கேமரா பதிவு செய்தது.

1989 ஏப்ரல் 26-ல், 77 வயதில் லூசி இறந்தார். அவர் வளர்ந்த செலரானில் 2009-ல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். முகம் லூசி மாதிரியே இல்லை, குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று புகார்கள் வர, ஊரே அதற்கு 'பயமுறுத்தும் லூசி' என்று பெயர் வைத்துவிட்டது. 2016-ல், அவரது 105-வது பிறந்தநாளில் அழகான புதுச் சிலையைத் திறந்தார்கள். பழையதை என்ன செய்வது என்று கேட்டபோது, அதுவும் இருக்கட்டும் என்று முடிவானது. பூங்காவுக்கு வருகிறவர்கள் இப்போது இரண்டு லூசிகளோடும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.