எந்தப் பிரிவு, எந்தப் பள்ளி?

மகளை டாக்டராக்கிப் பார்க்கத் துடிக்கும் தோழனே! 11-ஆம் வகுப்பிலே எந்தப் பிரிவு கேட்கப் போகிறாய்? இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். கணிதமும் சேர்ந்து கிடைத்தால் பொறியியல் கதவும் திறந்திருக்கும். நீட் தேர்விலே 720-இல் 360 உயிரியலுக்கு. அதற்காக இயற்பியலின் 180-ஐ அலட்சியம் செய்யாதே. நீட் நமக்கு ஒவ்வாததுதான். ஒழியும் நாள்வரை எழுதித்தானே தீரவேண்டும்!

கொடுமை வேறொன்று உண்டு. பத்து முடிந்ததும், தாலியை அடகு வைத்துத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். விளைவு? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தோருக்கு 2020-இல் தமிழகம் சட்டமியற்றி ஒதுக்கிய 7.5 விழுக்காடு கைநழுவுகிறது. பணமும் போய், உரிமையும் போவதா? உள்ளூர்ப் பள்ளியிலே உயிரியல் பிரிவு இல்லையா? அடுத்த ஊர் அரசுப் பள்ளியிலே கேள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு பஸ் இலவசம்தானே!