செயின் கழன்றால் தெருவில் நிற்க வேண்டாம்

1990களில் வடக்கில் எரிபொருள் தடைப்பட்டபோது எம் குடும்பங்களைச் சுமந்தது சைக்கிள்தான். 2022 நெருக்கடியிலும் அதுவே கைகொடுத்தது. இன்றும் கூலி வேலைக்குச் சைக்கிளில் போகும் சகோதரிகள் பலர். வழியில் செயின் கழன்றால் நாட்கூலி போய்விடும். பொழுதுபட்ட நேரமென்றால், திருத்த யாராவது வரும்வரை தனியே நிற்கும் பயம் வேறு. ஆனால் இந்த வேலைக்கு ஒரு குறடு போதும்.

கியர் இல்லாத சைக்கிளின் செயினை ஒரு இணைப்புக் கண்ணியே பூட்டி வைத்திருக்கிறது. இரண்டு ஊசிகள், ஒரு தட்டு, ஒருபக்கம் பிளந்த சிறு கிளிப் ஆகியவை அதன் பாகங்கள்.

கழற்றுவதற்கு, பிளந்த நுனிகளைக் குறட்டால் மூடிய பக்கம் நோக்கித் தள்ளுங்கள். கிளிப் வழுகி வரும். பிறகு தட்டை எடுத்துக் கண்ணியை இழுங்கள்.

பூட்டும்போது செயினின் இரு முனைகளையும் பின் பற்சில்லில் கொளுவிக்கொள்ளுங்கள், நழுவாது. ஊசிகளைச் செருகி, தட்டை வைத்து, கிளிப்பை இறுக்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். செயினின் மேற்பகுதியில் இருக்கும்போது கிளிப்பின் மூடிய பக்கம் முன்சில்லை நோக்க வேண்டும். மாறிப் போட்டால் எதிலும் தட்டுப்பட்டுக் கழன்றுவிடும்.

தளர்ந்த கிளிப்பை மீண்டும் போடாதீர்கள். புதிய இணைப்புக் கண்ணி ஒன்றைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருங்கள். வீட்டில் ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பழகினால், தெருவில் கை தடுமாறாது.