புகையிலையும் முதுகெலும்பும்

புகையிலை நெஞ்சைக் கெடுக்கும் என்பது சிறுவரும் அறிந்த செய்தி. அது முதுகெலும்பையும் கெடுக்கும் என்பதோ கற்றோரிலும் பலர் கேளாதது. நிமிர்ந்து நடத்தற்கும் குனிந்து எழுதற்கும் சுமை தாங்குதற்கும் ஆதாரமாய் நிற்கும் அவ்வெலும்புக்கு இவ்விலையினால் நேரும் தீங்கை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. லிஸ்பன் நகரில் பிரெஞ்சுத் தூதராயிருந்த ழான் நிகோ என்பவர் 1560-ஆம் ஆண்டில் அதனைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அதிலுள்ள நஞ்சாகிய நிகோடின் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. 1828-இல் ஹைடெல்பர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். பீடி, சுருட்டு, சிகரெட்டு, பொடி, மெல்லும் புகையிலை ஆகிய எவ்வடிவிற் கொள்ளினும் அந்நஞ்சு இரத்தத்திற் கலப்பது திண்ணம்.

இனி முதுகெலும்பின் அமைப்பைக் காண்போம். அது ஒரே எலும்பன்று. 33 முள்ளெலும்புகளின் கோவை. கழுத்து, மார்பு, இடுப்பு ஆகிய பகுதிகளிலுள்ள 24 எலும்புகள் தனித்தனியே அசைவன. அவற்றினிடையே மெத்தை போன்ற வட்டுக்கள் அமைந்துள்ளன. வளர்ந்தோரின் வட்டு நடுவே இரத்தக் குழாய் செல்வதில்லை. அடுத்துள்ள எலும்பின் நுண்குழாய்களிலிருந்து கசிந்து வரும் உணவையும் பிராணவாயுவையும் கொண்டே அது உயிர் வாழ்கின்றது. வாய்க்கால் எட்டாத மேட்டு வயல் கசிவுநீரால் விளைவது போலாம். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையோடு செல்லும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு செவ்வணுக்களைப் பற்றிக்கொண்டு பிராணவாயுவுக்கு இடமில்லாமற் செய்கிறது. கசிவும் குறைந்து, வருகின்ற நீரும் வளமிழந்தால் வயல் வாடாதிருக்குமோ? வட்டு வறண்டு தேய, சுமை பின்புறத்துச் சிறு மூட்டுக்களின்மேல் ஏற, அவையும் தேய்ந்து வாதநோய் கொள்கின்றன.

சான்று வேண்டுவோர் 1991-இல் வெளிவந்த பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியை நோக்குக. ஒருவர் புகைப்பவரும் மற்றவர் புகையாதவருமான ஒத்த இரட்டையர் 20 இணையரின் இடுப்பு வட்டுக்களை அதில் ஒப்பிட்டனர். பிறப்பு ஒன்றாயிருந்தும், புகைப்போரிடம் தேய்வின் அளவு சராசரி 18 சதவீதம் மிகுந்திருந்தது.

தேய்வுநோய் முதுமைக்குரியது என்று இளைஞர் அமைதியுறலாகாது. அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்னும் இறுக்கவாதம் பெரும்பாலும் இருபது வயதையொட்டிய பருவத்திலேயே தொடங்குவது. புகைப்பழக்கமும் அப்பருவத்திலேயே பலரைப் பற்றுவது. இந்நோயால் முள்ளெலும்புகள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில்போல் விறைக்கும். புகைப்போரிடம் அவ்வொட்டுதல் விரைந்து நிகழ்கிறது என்றும், புகை மிகுந்தோறும் கேடும் மிகுகிறது என்றும் மருத்துவர் கண்டுள்ளனர். விலாவெலும்பு மூட்டுக்களும் இறுகுதலால் மார்பு விரியாது. விரியாத மார்பினுள் புகையாற் கெட்ட நுரையீரலும் இருப்பின் அந்நோயாளியின் துன்பம் இருமடங்கன்றோ?

அறுவை மருத்துவம் உண்டே என்பார்க்கும் ஒன்று கூறுவோம். முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவையை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்ட அறிக்கையில், எலும்பு கூடாமற்போனோர் புகையாதவருள் 100-க்கு 8 பேர். புகைப்பவருள் 40 பேர்.

புகைத்தால் வலி மறக்கிறது என்பாரும் உளர். அம்மறதி சிறுபொழுதே நிற்பது. அதற்கு ஈடாக வலியின் வேரே வளர்கின்றது.

தேய்ந்த வட்டு முன்போலாகாது. ஒட்டிய எலும்பு விலகாது. ஆயினும் பழக்கத்தை விட்டால் ஓரிரு நாளிலேயே அந்நச்சுவாயு இரத்தத்தை விட்டு நீங்கும். காலையில் முதுகு விறைத்து, ஓய்வினால் தணியாமல் உடலசைவினால் தணியும் வலி மூன்று திங்களுக்கு மேல் நீடிக்குமாயின், மாணவர் அதனை நாணி மறைக்காமல் மருத்துவரை நாடுக.

கல்விச் சாலைகளிலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலை விற்றலை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. நூற்றொன்றாவது கஜத்தில் நம்மைக் காக்கவல்லது நம் மனவுறுதி ஒன்றே.