போடி ரயிலும் ஒரு மயிரிழை விரிசலும்

மண்சட்டி வாங்கப் போனா அம்மா விரலால சுண்டிப் பார்ப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? 'ணங்'னு கேட்டா வீட்டுக்கு வரும். 'டொக்'னு கேட்டா கடையிலயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிஞ்சிடுது. இன்னைக்கு நாம பேசப்போறதும் அதேதான். சட்டிக்குப் பதிலா தண்டவாளம்.

ஏலமலை அடிவாரத்துல இருக்கு போடிநாயக்கனூர். மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையா மாத்த 2010 கடைசியில ரயிலை நிறுத்தினாங்க. திரும்ப ரயில் வந்தது 2023 ஜூன் 15. இப்போ சென்னை சென்ட்ரல்ல ஏறிப் படுத்தா போடியில இறங்கலாம். அப்படி நிம்மதியா தூங்கணும்னா, கீழே இருக்கிற இரும்புக்குள்ள விரிசல் இருக்கக் கூடாது.

அதை எப்படிப் பார்க்கிறாங்க? தண்டவாளம் மேல ஒரு சின்ன டிராலியைத் தள்ளிட்டுப் போவாங்க. அதுல இருக்கிற கருவி, நம்ம காதுக்குக் கேக்காத அல்ட்ராசவுண்டை உள்ளே அனுப்பும். நடுவுல காத்து இருந்தா ஒலி உள்ளயே போகாது. அதனால தண்ணி விட்டுக்கிட்டே போவாங்க.

விரிசல்னா என்ன? இரும்புக்குள்ள ஒரு இடைவெளி. இரும்புல வர்ற ஒலி அங்கே மோதினா கிட்டத்தட்ட முழுசா திரும்பிடும். ஆனா விரிசல் படுத்திருக்கா நிக்குதாங்கறது முக்கியம். நேரா மேலிருந்து அடிக்கிற ஒலிக்கு, செங்குத்தா நிக்கிற விரிசல் கத்தி முனை மாதிரி. அதுல பட்டுத் திரும்பறது ரொம்பக் கம்மி. அதனால 70 டிகிரி சாய்வாவும் அனுப்பிப் பார்க்கிறாங்க.

அளவும் முக்கியம். இரும்புல ஒலியோட வேகம் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர். 2 மெகாஹெர்ட்ஸ்ல அனுப்பினா அலைநீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதைவிட ரொம்பச் சின்ன குறையை அலை சுத்திக்கிட்டுப் போயிடும்; எல்லாப் பக்கமும் கொஞ்சமா சிதறும், அவ்வளவுதான். அந்தக் குறை அளவுல பாதியானா, சிதறல் 64-ல ஒரு பங்காகிடும்.

அப்போ அதிர்வெண்ணைக் கூட்டிட்டா போச்சே? அங்கேதான் சிக்கல். இரும்பே பொடிப்பொடி படிகங்களால ஆனது. அதிர்வெண்ணை ரெண்டு மடங்காக்கினா, அந்தப் படிகங்களோட சிதறல் 16 மடங்காகும். சந்தைக்கடை இரைச்சல்ல ரகசியம் கேக்கிற கதைதான். ரொம்ப இறக்கினா விரிசல் தப்பிக்கும். ரொம்ப ஏத்தினா இரைச்சல்ல தொலையும். நடுவுல ஒரு இடத்தைப் பிடிக்கறதுதான் வேலையே.

குறை தெரிஞ்சா பெயிண்ட்ல அடையாளம் போடுவாங்க. தேவைப்பட்டா அந்தத் துண்டையே வெட்டி மாத்துவாங்க.

அடுத்த தடவை தேனி தாண்டி மலை தெரியும்போது, சட்டியைச் சுண்டிப் பார்த்த அந்த விரலை நினைச்சுக்கோங்க.