மீந்துபோகும் பூவன் தாரும் பிராந்தி அனுமதியும்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை வியாபாரம் அடங்கி வெயில் ஏறும்போது, மண்டி ஓரத்தில் ஒதுக்கிய வாழைத் தார்கள் கிடக்கும். சீப்பிலிருந்து உதிர்ந்தவை, தோல் கறுத்தவை, வண்டியில் நசுங்கியவை. தொட்டியத்திலிருந்தோ லால்குடியிலிருந்தோ கொண்டுவந்த விவசாயிக்கு இவற்றால் வண்டி வாடகைகூடத் தேறாது. அப்போதுதான் அந்தப் பேச்சு எழும்: "திராட்சையில பிராந்தி போடுறாங்களே, நம்ம பூவன்ல போட்டா என்ன? ஆலைக்காரங்க செய்முறையை மாத்துனா போதாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊரில் பிராந்தி என்று விற்பதில் பெரும்பகுதி திராட்சையே இல்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து (மொலாசஸ்) எடுத்த சாராவிதான் அதன் அடிப்படை. ஒரு டன் கழிவுப்பாகில் ஏறத்தாழ 220 லிட்டர் ஆல்கஹால் கிடைக்கும். வாழையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ பழத்தில் தோல் போக 65 கிலோ சதை. அதில் சர்க்கரை 20 சதவீதம் என்றால் 13 கிலோ. நொதித்தலில் சர்க்கரையின் எடையில் பாதிதான் ஆல்கஹாலாகும். ஏட்டுக் கணக்கிலேயே 8 லிட்டர் சொச்சம், டன்னுக்கு 80 லிட்டர். நடைமுறையில் இன்னும் குறையும். பழத்தை இலவசமாகக் கொடுத்தாலொழிய ஆலை திரும்பிப் பார்க்காது.

பார்த்தாலும், செய்முறையை ஆலை தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான ஒழுங்குமுறை விதிகள் 2018-இல் வெளியாகி, 2019 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. திராட்சை பிராந்தி, பிற பழப் பிராந்தி, கலப்புப் பிராந்தி எல்லாம் அவற்றில் தனித்தனி வகை. மூலப்பொருள் மாறினால் வகை மாறும். வகை மாறினால் லேபிளில் பெயர் மாறவேண்டும். எந்த வகையிலும் அடங்காத புதுப் பொருள் என்றால், 2017-ஆம் ஆண்டின் தனி விதிகளின்படி ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

அது பாதிக் கிணறுதான். மது, அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தொழிற்சாலைச் சாராயம்கூட மாநில அதிகாரத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபரில் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. எனவே டெல்லி சரி என்றாலும், மாநில மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமமும் லேபிள் ஒப்புதலும் இல்லாமல் ஒரு பாட்டில்கூட வெளியே வராது.

இது நம் நாட்டுக் கெடுபிடி மட்டுமல்ல. எந்த மாதிரிப் பழைய பீப்பாயில் ஊறவைக்கலாம் என்பதை மாற்றவே ஸ்காட்லாந்து விஸ்கிக்கு 2019-இல் அரசு ஆவணத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கோவாவின் முந்திரி ஃபெனி 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. தென்னையில் எடுக்கும் ஃபெனி அதில் சேராது.

"அப்படியானால் நாமே சின்ன அளவில் காய்ச்சிக்கொண்டால்?" என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு சட்டம் திருத்தப்பட்டு, உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் சிறையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும் என்றாகிவிட்டது. அங்கே மெத்தனால் வெளியிலிருந்து கலந்தது. வாழையிலோ அது உள்ளேயே பிறக்கும். பழச் சதையில் பெக்டின் அதிகம். நொதிக்கும்போது பெக்டின் சிதைந்து மெத்தனால் உண்டாகிறது. காய்ச்சி வடித்தால் அதுவும் சேர்ந்தே செறிவாகும். மூக்கால் முகர்ந்தோ, தீயில் கொளுத்திப் பார்த்தோ அளவைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகச் சோதனை வேண்டும். பழ மதுவுக்கு மெத்தனால் உச்சவரம்பு வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

கேரளா வேறு வழியில் போயிருக்கிறது. காய்ச்சி வடிப்பதை விட்டுவிட்டு, பழங்களிலிருந்து ஒயின் எடுக்கும் சிறு ஆலைகளுக்கு 2022-இல் தனி விதி கொண்டுவந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் 'நிளா' என்ற பெயரில் அன்னாசி, முந்திரிப்பழம், வாழை ஒயின்களை உருவாக்கியது. அந்த வாழை எது தெரியுமா? பாளையங்கோடன். நம் பூவன்தான் அங்கே அந்தப் பெயரில் விற்கிறது! தமிழ்நாட்டில் அப்படி ஒரு வழி திறக்குமா என்பது அரசின் கொள்கை முடிவு. அதை நம்பி யாரும் தோட்டம் போட வேண்டாம்.

இப்போதைக்கு மது அல்லாத வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. திருச்சி தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், பழத்தை உலர்த்தி அத்தியாக்குவது, காயை மாவாக்குவது, ஜூஸ், ஜாம், ஊறுகாய் ஆகியவற்றுக்குத் தொழில்நுட்பமும் பயிற்சியும் தருகிறது. இவற்றுக்கு ஆயத்தீர்வை உரிமம் தேவையில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அழுகத் தொடங்கிய பழம் இதற்கும் உதவாது. தாரை மார்க்கெட்டுக்கு ஏற்றும் முன்பே தோட்டத்தில் தரம் பிரித்து, அடிபட்ட சீப்புகளை அன்றே உலர்த்தக் கொடுத்துவிட்டால், ஏற்றுகூலியும் கமிஷனும் அந்த அளவுக்கு மிச்சம்.