டைல்ஸ் கடைக்குப் போகும் முன் வீட்டுத் தரையைப் பாருங்கள்



பெருநாள் நெருங்கினாலும், வீட்டில் நிக்காஹ் பேசி முடித்தாலும் நம் குடும்பங்களில் எழும் முதல் பேச்சு, "இந்தத் தரையை மாற்றிவிடலாமா?" என்பதுதான். மாற்றுவதில் தவறில்லை. ஆனால், அவசரத்தில் போட்ட தரையால் இரண்டு விதமான சிரமம் வருவதை நாம் பார்க்கிறோம். ஒன்று, பளபளப்பான தரையில் ஈரக்காலோடு வழுக்கி விழுந்து எலும்பு முறியும் முதியவர்கள். இன்னொன்று, கணக்குப் பார்க்காமல் வேலையைத் தொடங்கி, பாதியில் பணம் தீர்ந்து வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள். இரண்டையும் தவிர்க்கலாம், இன்ஷா அல்லாஹ். அதற்கு வேண்டிய திட்டத்தைக் கீழே தருகிறோம்.

அடித்தளம் முதலில்

'வெள்ளறை' என்றால் வெண்பாறை. ஊரின் பெயர் அப்படி இருந்தாலும், நம் வீட்டுத் தரை பாறை மேல் நிற்பதில்லை. அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் நிற்கிறது. அந்த மண்ணைத் தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகக் கெட்டித்திருக்க வேண்டும். இல்லையென்றால், சில ஆண்டுகளில் மண் இறங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைல்ஸாக இருந்தாலும் உடையும்.

பழைய தரையை மரச்சுத்தியலால் இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். 'தொம் தொம்' என்று வெற்றொலி வந்தால் அந்த இடம் பிடிப்பில்லாமல் இருக்கிறது. ஈரம் ஏறுகிறதா என்று அறிய, ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் முதலில் ஈரத்தின் காரணத்தைக் கண்டு சரிசெய்ய வேண்டும். ஸ்ரீரங்கத்திலும் கொள்ளிடக் கரையோரத்திலும் வீடுள்ளவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

பழைய காவித் தரையோ மொசைக் தரையோ கெட்டியாக, வெற்றொலி இல்லாமல் இருந்தால் உடைக்கத் தேவையில்லை. அதன் மேலேயே டைல்ஸ் பசை கொண்டு ஒட்டலாம். உடைக்கும் கூலியும், இடிபாடுகளை அள்ளும் வண்டி வாடகையும் மிச்சம். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதால் கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும். அதை முன்பே தச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

தெருவின் உயரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு பள்ளமாகிறது. தரையை உயர்த்தும் எண்ணம் இருந்தால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

எந்த இடத்துக்கு எது?

நம் கடைகளில் கிடைக்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சுவருக்கான டைல்ஸ் நீரை அதிகம் உறிஞ்சும், பாரம் தாங்காது. விலை குறைவு என்று அதைத் தரைக்கு வாங்காதீர்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. கூடத்துக்கும் அறைகளுக்கும் அது போதும்.

குளியலறை, ஒளு செய்யும் இடம், சமையலறை, பின்வாசல் ஆகிய நான்கிலும் சொரசொரப்பான மேட் வகையே போடுங்கள். கடையில் நிற்கும்போதே ஒரு டைல்ஸில் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிக் காலால் தேய்த்துப் பாருங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள பெரியம்மாவையோ நன்னியையோ அழைத்துச் செல்லுங்கள். ஃபஜ்ருக்கு இருட்டில் எழுந்து ஒளு செய்யப் போவது அவர்கள்தானே!

ஒளு செய்யும் இடத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைக்கச் சொல்லுங்கள். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிக் காய்ந்த பின், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

பெட்டிக் கணக்கு

10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 132. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒரு பெட்டிக்கு 4 இருந்தால், அது 15.5 சதுர அடியை மூடும். ஆக 9 பெட்டி வேண்டும். சுவரோரம் 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு இன்னொரு பெட்டி. மொத்தம் 10 பெட்டி.

எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பிறகு வாங்கும் பெட்டியில் நிறம் மாறும். மிஞ்சிய ஐந்தாறு டைல்ஸைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் பழுது பார்க்க உதவும்.

டைல்ஸ் விலையை மட்டும் வைத்துச் செலவைக் கணக்கிடாதீர்கள். சிமெண்ட், எம்-சாண்ட், பசை, ஏற்றுக்கூலி, மேஸ்திரி கூலி, இடைவெளி அடைக்கும் கலவை, கதவு வேலை என எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அதன் மேல் பத்தில் ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள்.

எழுத்தும் பணமும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா சூராவின் 282-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த ஒழுங்கை மேஸ்திரியிடமும் கடைப்பிடிப்போம். சதுர அடிக்கு என்ன கூலி, ஸ்கர்ட்டிங்கும் படிக்கட்டும் அதில் அடங்குமா, எத்தனை நாளில் முடியும், முன்பணம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசித் தவணையை, டைல்ஸைத் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றி வாட்டம் சரிபார்த்த பின் கொடுங்கள். வேலை சரியாக இருந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள். உழைத்தவரின் கூலி நம்மிடம் உள்ள அமானிதம்.

பணம் போதவில்லையென்றால் வட்டிக்கும் தவணை வட்டிக்கும் போக வேண்டாம். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள். இவ்வாண்டு குளியலறையும் ஒளு செய்யும் இடமும், அடுத்த ஆண்டு கூடம், பிறகு அறைகள். விருந்தினர் பார்க்கும் கூடத்தை முதலில் செய்யத்தான் மனம் சொல்லும். ஆனால் ஆபத்து இருப்பது ஈரமான இடத்தில்.

ரமலானுக்கு முன் முடிக்க நினைப்பவர்கள் ரஜப் மாதமே தொடங்கி, ஷஅபான் பாதிக்குள் முடித்துவிடுங்கள். ஒட்டிய தரையில் குறைந்தது ஒரு நாள் நடக்கக் கூடாது. கட்டில், பீரோவை இன்னும் சில நாட்கள் கழித்தே ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரை காய்வதும் தாமதமாகும்.

விலை உயர்ந்த தரை என்று பிறர் சொல்வதில் நமக்கு என்ன பயன்? கடனில்லாமல் போட்டோம், நம் தாய் அதில் பயமின்றி நடக்கிறார் என்பதே நிம்மதி. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.